யார் முடிவு செய்வது? – மாணவர் கூட்டுப்படைப்பு அரங்கும் மும்பைத் தமிழ்ச் சூழலும்

மும்பை நகரின் மாட்டுங்காப் பகுதியில் இருவேறு அரங்கப் பழக்கங்கள் அருகருகே வளர்ந்துள்ளன. ஒன்று, தென்னிந்தியர் அமைத்த சபைகளைச் சார்ந்தது. 1926இல் தொடங்கப்பட்ட மைசூர் அசோசியேஷனும் 1963இல் திறக்கப்பட்ட சண்முகானந்த அரங்கமும் இதன் அடையாளங்களாகும். சென்னையிலிருந்து வந்த சபா நாடகங்களை மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கண்டது இத்தகைய அரங்குகளில்தான். மற்றொன்று, மராத்தி மாணவர் அரங்கு. ரூயா முதலிய கல்லூரிகளின் மாணவர்கள் 'ஏகாங்கிகா' எனப்படும் ஓரங்க நாடகப் போட்டிகளுக்காகத் தாமே எழுதித் தாமே இயக்கி, ஒளியமைப்பு முதல் திரைச்சீலை வரை தாமே செய்து பழகினர். சற்றுத் தெற்கே தாதரில் உள்ள சபில்தாஸ் பள்ளிக் கூடத்தில் 'ஆவிஷ்கார்' குழு 1974 முதல் நடத்திய சோதனை அரங்கு இப்பழக்கத்திற்கு ஊக்கமளித்தது.

முதற்பழக்கத்தில் தமிழர் பார்வையாளராக அமர்ந்தனர். இரண்டாம் பழக்கத்தில் மாணவர் படைப்போராக நின்றனர். ஆனால் அதன் மொழி மராத்தி. தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ பிறந்து வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் சமகால நாடகத்தை உருவாக்கக் கற்க விரும்பினால், அவர் பெரும்பாலும் மராத்தி, இந்தி அல்லது ஆங்கிலத்தின் வழியாகவே அதனுள் நுழைய வேண்டியிருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகம் 2003இல் வாமன் கேந்த்ரேயை முதல் இயக்குநராகக் கொண்டு நாடகக் கலைக்கழகத்தை நிறுவிய பின்னர், நகரின் மாணவர்க்கு முறையான அரங்கக் கல்வி கிடைக்கும் வாயில் திறந்தது. அவ்வாயிலில் நுழையும் தமிழ் மாணவர் தம் மொழியை எங்கே வைத்துவிட்டு நுழைகிறார் என்னும் வினா தமிழ் அரங்கத் திறனாய்வில் போதிய கவனம் பெறவில்லை. பல்கலைக்கழகம் சார்ந்த தமிழ் அரங்க முயற்சிகள் சிலவற்றின் துணைகொண்டு இவ்வினாவை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டுப்படைப்பு: சொல்லும் பொருளும்

முன்னரே எழுதி முடிக்கப்பட்ட பனுவலை மேடையேற்றாமல், பங்கேற்போர் ஒத்திகையில் தேடிக் கண்டடைந்த உரை, அசைவு, காட்சி ஆகியவற்றிலிருந்து நாடகத்தைக் கட்டியெழுப்பும் முறையே கூட்டுப்படைப்பு எனப்படுகிறது. இலண்டனில் ஜோன் லிட்டில்வுட்டின் 'தியேட்டர் வொர்க்‌ஷாப்' குழு 1963இல் அளித்த 'ஓ வாட் எ லவ்லி வார்' இவ்வகையில் பெயர் பெற்றது. கொலம்பியாவில் என்ரிக்கே புவெனவெந்துரா இம்முறைக்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் தர முயன்றார். இந்தியாவில் பாதல் சர்க்காரின் 'மூன்றாம் அரங்கு', நடிகரின் உடலையும் குழு உறவையும் முதன்மைப்படுத்தியது. 1980இல் சென்னையில் அவர் நடத்திய பட்டறை தமிழ் நவீன நாடகக்காரர் பலரைப் பாதித்தது.

இவற்றைப் பற்றிய எழுத்துகளில் ஒரு முரண் காணப்படுகிறது. குழுவின் படைப்பு என்று போற்றப்படும் நாடகங்கள்கூட லிட்டில்வுட், சர்க்கார் என ஒருவர் பெயராலேயே நினைவில் நிற்கின்றன. இதனை வரலாற்றாசிரியரின் சோம்பல் என்று மட்டும் தள்ளிவிட இயலாது. ஒத்திகையில் பத்துப் பேர் பத்துக் கருத்துகளைத் தருவர். அவற்றுள் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். அந்த இடத்தில் நிற்பவரே நாடகத்திற்கு உரியவராகிறார். எனவே, ஒரு கூட்டுப்படைப்பை மதிப்பிடும் திறனாய்வாளர் எத்தனை பேர் பங்கேற்றனர் என்பதைவிட, முடிவுகள் யாரால் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதையே முதலில் நோக்க வேண்டும். மாணவர் அரங்கிற்கு இது இன்னும் பொருந்தும். அங்கு முடிவெடுக்கப் பழகுவதே பாடத்தின் பெரும்பகுதியாகும்.

பேராதனை: உடலால் கற்றல்

பல்கலைக்கழக மாணவர் தமிழ் அரங்கில் ஒரு திருப்பத்தை உண்டாக்கிய முயற்சி, 1960களில் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. எதிரிவீர சரச்சந்திர 1956இல் 'மனமே' நாடகத்தின் வழியாகச் சிங்கள மரபரங்கிற்குப் புத்துயிர் அளித்தமை பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு உந்துதலாக அமைந்தது. அவர் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்க்குப் பயிற்றுவித்துக் 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மேடையேற்றினார். கற்றோர் தாழ்வாகக் கருதிய கலை, பட்டப்படிப்பு மாணவரின் காலில் சதங்கையாக ஏறியது.

இங்கு மாணவர் கற்றது முதலில் உடலொழுக்கம். கூத்துக் கற்றலில் சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அரங்கேற்றம் எனப் படிநிலைகள் உண்டு. தாளக்கட்டைப் பிழையறச் சொல்லாமல் ஆட இயலாது. பக்கத்தில் ஆடுபவரின் அடியைக் கேட்காமல் தம் அடியை வைக்கவும் இயலாது. கூட்டுணர்வு என்பது அண்ணாவியாரின் மத்தளத்திற்கு முன்னால் செய்தே காட்ட வேண்டிய திறனாக இருந்தது. இத்தகைய அடித்தளம் இல்லாத குழுக்களில் கலந்துரையாடல் நீண்டு, இறுதியில் உரக்கப் பேசுபவரின் கருத்தே நாடகமாகிவிடுவதுண்டு. பேராதனை அனுபவம் அந்த ஆபத்தை ஓரளவு தவிர்த்தது.

மாணவர் படைப்போராக வளர்ந்தமைக்கும் இங்கே சான்றுண்டு. 'இராவணேசன்' பனுவலை எழுதி இராவணனாகவும் ஆடிய சி. மௌனகுரு, இம்முயற்சியில் மாணவராகப் பங்கேற்று உருவானவர். பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி, அதே நாடகத்தைத் தம் மாணவர்களுடன் மீண்டும் உருவாக்கினார்.

ஆயினும் முடிவெடுக்கும் உரிமை என்னும் அளவுகோலால் நோக்கும்போது, பேராதனை முயற்சியின் எல்லையும் தெரிகிறது. இரவு முழுவதும் வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கும் நகரப் பார்வையாளரின் நேரத்திற்கும் ஏற்பச் சுருக்கப்பட்டது. எதைச் சுருக்குவது என்று பல்கலைக்கழகமே முடிவு செய்தது. கூத்தைக் காத்துவந்த ஊர்கள் கலையைத் தந்தன; அதன் புது வடிவம் பற்றிய முடிவு அவற்றின் கையில் இருக்கவில்லை.

யாழ்ப்பாணம்: எழுத்தாளரும் குழுவும்

இரண்டாவதாகக் கருதத்தக்கது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலாசாரக் குழு 1985இல் அளித்த 'மண் சுமந்த மேனியர்'. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய இந்நாடகத்தை க. சிதம்பரநாதன் நெறியாண்டார். 1983 வன்செயலுக்குப் பிந்திய அச்சமும் இழப்பும் சூழ்ந்த காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் இதனை ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். பிட்டுக்கு மண் சுமந்த இறைவனின் கதையை நினைவூட்டும் தலைப்பு, மண்ணில் உழைத்து மண்ணை இழக்கும் மக்களின் மேல் ஏற்றப்பட்டது. எடுத்துரைஞர், பாடகர், குழுவசைவு ஆகிய உத்திகள் தனி நாயகனின் இடத்தை எடுத்துக்கொண்டன.

இந்நாடகத்தின் பின்னணியில் ஏழாண்டுக் காலப் பயிற்சி இருந்தது. 1978இல் சண்முகலிங்கம் முன்னின்று நிறுவிய நாடக அரங்கக் கல்லூரியும் அ. தாசீசியஸ் முதலியோர் அளித்த களப்பயிற்சிகளும், அரங்க விளையாட்டு, புத்தளிப்பு, குழுவசைவு ஆகியவற்றை யாழ்ப்பாணத்தில் அறிமுகப்படுத்தியிருந்தன. அப்பயிற்சியின் விளைவைச் சண்முகலிங்கத்தின் பனுவலிலேயே காணலாம். ஒருவர் பேசத் தொடங்கும் கருத்தைப் பலர் தொடர்ந்து முடிக்கும் உரையமைப்பு, குழுவாக இயங்கப் பழகிய நடிகரை எதிர்பார்த்து எழுதப்பட்டதாகும். அத்தகைய குழு இல்லாத இடத்தில் இப்பனுவல் வெறும் வசனத் தொகுப்பாகிவிடும்.

ஆகவே கூட்டுப்படைப்பு என்பது எழுத்தாளரை விலக்குவது என்ற கருத்து மறுபரிசீலனைக்குரியது. யாழ்ப்பாணத்தில் எழுதுபவர் எழுதினார், நெறியாள்பவர் நெறியாண்டார், மாணவர் தம் உடலாலும் குரலாலும் அதற்கு விடையளித்தனர், ஊரார் பார்வையாளராக அமர்ந்து தம் கதையை எதிரில் கண்டனர். பொறுப்புகள் பகிரப்பட்டிருந்தன, யாருடைய பொறுப்பு எது என்பதும் தெளிவாக இருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் குழுக்களில் தவறு நேரும்போது பொறுப்பேற்க எவரும் முன்வராமை காணப்படுவதுண்டு. அந்நிலையோடு ஒப்பிட, யாழ்ப்பாணத்தின் வேலைப்பகிர்வு நேர்மையானது எனலாம்.

இம்முயற்சிக்கும் ஒரு வினாவை எழுப்பியாக வேண்டும். ஒடுக்குமுறைக்கு உள்ளான சமூகத்தில் குழுக்குரல் வலிமை தருகிறது. அதே குழுக்குரல் தனிக்குரலை அடக்கவும் வல்லது. 2001இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் எழுந்த 'பொங்கு தமிழ்' நிகழ்வில் சிதம்பரநாதனின் அரங்கச் சிந்தனை பெருந்திரள் எழுச்சியாக விரிந்தது. அத்தகைய பெருந்திரளில், உடன்படாத ஒருவர் எங்கே நின்று பேசுவார் என்பது அரங்கியலார் தட்டிக்கழிக்கக் கூடாத வினாவாகும். ஒத்திகைக் கூடத்தில் மறுத்துப் பேசக் கற்காத மாணவர் வெளியில் அதைக் கற்பது அரிது.

சீலாமுனை: மறுக்கும் உரிமை

பேராதனையின் எல்லையைக் கடக்க முயன்றது, மட்டக்களப்பில் சி. ஜெயசங்கர் 2000களின் தொடக்கத்தில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம். கிழக்குப் பல்கலைக்கழக ஆசிரியரான அவர், கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவராமல், பல்கலைக்கழகத்தாரைச் சீலாமுனைக் களரிக்கு அழைத்துச் சென்றார். கூத்துப் பனுவல்களில் பெண், சாதி ஆகியவை சித்திரிக்கப்படும் முறையை மாற்ற வேண்டும் என்னும் கருத்து, ஊர்க் கலைஞரோடு உரையாடி முடிவு செய்யப்பட வேண்டியதாக வைக்கப்பட்டது.

இம்முறையில் பயிலும் மாணவர் கற்பது வேறொரு பாடம். தாம் சரியென்று கருதும் மாற்றத்தை, அதனை ஏற்கத் தயங்கும் மூத்த கலைஞருக்கு விளக்க வேண்டும். அவர் மறுத்தால் காத்திருக்க வேண்டும். தம் கருத்தே பிழையாக இருக்கக் கூடும் என்பதையும் ஏற்க வேண்டும். தேர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையில் இயங்கும் பல்கலைக்கழகக் காலக்கணக்கிற்கு இது பொருந்துவதில்லை. ஆயினும் ஒரு சமூகத்தின் கதையை எடுத்தாள விரும்பும் எந்தக் குழுவும் அச்சமூகத்திற்கு மறுக்கும் உரிமை உண்டென்று ஏற்காமல் கூட்டுப்படைப்பு என்னும் சொல்லைப் பயன்படுத்துவது பொருந்தாது என்பதைச் சீலாமுனை உணர்த்துகிறது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்

இம்மூன்று அனுபவங்களையும் மும்பைக்குப் பொருத்திப் பார்க்கும்போது, அங்குள்ள தமிழ் மாணவரின் சிக்கல் தெளிவாகிறது. பேராதனை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களில் ஒத்திகையின் மொழி தமிழாக இருந்தது. மும்பையில் அது தமிழன்று. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்ற மாணவரும் கல்லூரிக்குள் நுழைந்ததும் வேறு மொழிகளில் சிந்தித்துப் பேசக் கடமைப்பட்டவராகிறார். 1966இல் சிவசேனை தோன்றியதை அடுத்த ஆண்டுகளில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த அரசியல், பொதுவிடத்தில் தமிழ் பேசத் தயங்கும் மனநிலையை ஒரு தலைமுறைக்குப் பழக்கியது. அத்தயக்கத்தின் சாயல் பெற்றோர் வழியாகப் பிள்ளைகளுக்கும் வந்திருக்கக் கூடும்.

கூட்டுப்படைப்புப் பட்டறைகளில் வழக்கமாகத் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று, பங்கேற்பவர் தம் வீட்டுக் கதை ஒன்றைக் கொண்டுவருதல். தாராவி மாணவர் இப்பயிற்சியில் வரவேற்கப்படுவார் என்பதில் ஐயமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கிய முன்னோர், குழாயடி வரிசை, ஒரே அறையில் தொழிலும் குடும்பமும் நடக்கும் வாழ்க்கை என அவரிடம் கதைகள் நிறைய உண்டு. அவற்றைத் தமிழில் வாழ்ந்தவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்வார். அம்மொழியில் தேர்ந்த மற்றொருவர் அதற்கு உரைவடிவம் தருவார். நெறியாளர் அதைக் காட்சியாக்குவார். இறுதியில் கதை தந்தவர் தம் கதையிலேயே ஒரு சிறு பாத்திரமாக நிற்க நேரும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாரும் பங்கேற்றுள்ளனர். ஆனால் ஒருவர் மூலப்பொருளைத் தந்தார். வேறொருவர் முடிவு செய்தார். பேராதனையில் கூத்தூர்கள் இருந்த இடத்தில் இங்கே தாராவி மாணவர் இருக்கிறார்.

தாராவியைப் பொறுத்தவரை இந்த ஆபத்து இருமடங்காகும். அப்பகுதியின் உருவம் திரைப்படங்களால் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. 'நாயகன்' (1987), 'காலா' (2018) ஆகிய தமிழ்ப் படங்கள் தாராவியின் பெரும்பகுதியைச் சென்னையில் அமைத்த அரங்குகளில் காட்டின. 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008), 'கல்லி பாய்' (2019) ஆகியவை உலகப் பார்வையாளருக்கு வேறு சித்திரங்களைத் தந்தன. ஒத்திகைக் கூடத்தில் அமர்ந்திருக்கும் சக மாணவர் இப்படங்களைப் பார்த்தவர். தாராவி மாணவர் தம் தாயின் ஒரு சாதாரண மாலைப் பொழுதைச் சொன்னால், அதில் நாடகம் எங்கே என்று அவர் கேட்கக் கூடும். அவருக்கு வேண்டிய வன்முறையையும் வறுமையையும் தாராவி மாணவரே வலிந்து தரத் தொடங்கினால், குழுவின் பாராட்டு அவருக்குக் கிடைக்கும். அவருடைய நாடகம் அவரிடமிருந்து நழுவும்.

தமிழர் மட்டுமே கூடும் குழுவில் இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவதற்கும் இடமில்லை. மாட்டுங்காவின் பாலக்காட்டுத் தமிழும் தஞ்சைத் தமிழும், தாராவியின் நெல்லைத் தமிழும், செம்பூரில் வளர்ந்த இளைஞரின் இந்தி கலந்த தமிழும் ஒரே அறையில் சந்திக்கும்போது சாதியும் வர்க்கமும் ஒலிப்பிலேயே வெளிப்படுகின்றன. ஒத்திகையில் ஒருவர் மற்றவரின் உச்சரிப்பைத் திருத்தும் கணம் கூர்ந்து நோக்கத்தக்கது. 'நாடகத் தமிழ்' எது என்று அக்கணத்தில் முடிவாகிறது. திருத்தப்பட்டவர் அடுத்த நாள் குறைவாகப் பேசுவார். சில நாட்களில் அவர் விளக்குப் பிடிப்பவராகவோ பொருள்களை எடுத்துவைப்பவராகவோ ஆகிவிடுவார். அப்பணிகள் தாழ்ந்தவை அல்ல. அவர் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே குறை.

மராத்தி ஓரங்க நாடகப் போட்டி மரபிலிருந்து கற்க வேண்டியதும் உண்டு. குறித்த நாளில், குறித்த நேர அளவில் நாடகம் முடிந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் மாணவரின் கைத்திறனைக் கூர்மையாக்கியது. மேடைக்குப் பின்னால் உழைப்பவரும் நாடகக்காரரே என்னும் உணர்வை அது வளர்த்தது. எனினும் பரிசு நோக்கிய ஒத்திகையில் நேரம் குறையக் குறைய முடிவுகள் ஒரே கையில் குவிவது இயல்பு. எனவே இம்மரபின் உழைப்பொழுக்கத்தை ஏற்று, அதன் அவசரத்தை ஐயத்தோடு நோக்குவது தகும்.

மதிப்பீட்டு நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், மாணவர் கூட்டுப்படைப்பைத் திறனாய்வதற்குச் சில நெறிகளை வகுக்கலாம்.

முதலாவது, ஒத்திகைப் பதிவேடு. எந்தக் காட்சி யாருடைய நினைவிலிருந்து வந்தது, எது எக்காரணத்தால் நீக்கப்பட்டது, நீக்கத்தை யார் ஏற்கவில்லை என்பன எழுதி வைக்கப்பட வேண்டும். மேடையில் காணாமற்போன காட்சிகளின் பட்டியல் பல வேளைகளில் குழுவின் அதிகார அமைப்பை அரங்கேறிய காட்சிகளைவிடத் தெளிவாகக் காட்டும். பல்கலைக்கழக மதிப்பெண் முறையும் நெறியாளரின் திறமையை மட்டும் அளக்காமல் இப்பதிவேட்டைக் கருத்திற்கொள்ள இயலும்.

இரண்டாவது, மொழி. கதை எம்மொழியில் வாழப்பட்டதோ அம்மொழியிலேயே முதல் ஒத்திகை நிகழ வேண்டும். குழுவினர் சிலருக்கு அது புரியாமற்போகலாம். மும்பை போன்ற பன்மொழி நகரில் புரியாமையும் நாடகப் பொருளே ஆகும். தாய் தமிழில் பேச, மகன் இந்தியில் விடை சொல்ல, அண்டை வீட்டார் மராத்தியில் குறுக்கிடும் காட்சியை ஒரே மொழியில் பெயர்த்தால் அக்காட்சியின் உண்மை போய்விடும்.

மூன்றாவது, முதற்பார்வையாளர். தாராவிக் கதை கொண்ட நாடகம் கலினா வளாகத்திற்கோ போட்டி நடுவருக்கோ முன்பாகத் தாராவியில் காட்டப்பட வேண்டும். அங்குள்ளோர் மறுத்தால் திருத்தப்படவும் வேண்டும். சீலாமுனை தந்த படிப்பினை இது.

நிறைவாக

கூட்டுப்படைப்பைக் கற்கும் மாணவர் பேராதனையிலிருந்து உடலொழுக்கத்தையும், யாழ்ப்பாணத்திலிருந்து பொறுப்புப் பகிர்வையும், சீலாமுனையிலிருந்து பிறர் மறுப்பை ஏற்கும் பொறுமையையும் பெறலாம். இம்மூன்றும் இல்லாதவிடத்து, கூட்டு என்னும் சொல் ஒருவரின் முடிவை மறைக்கும் திரையாகவே பயன்படும். மும்பையின் சூழல் இவற்றோடு மொழி என்னும் நான்காவது சோதனையையும் வைக்கிறது. சபை நாடகங்களைக் கண்டு களித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி மேடைகளில் நிற்கின்றனர். அவர்கள் தம் வீட்டில் பேசும் தமிழை ஒத்திகைக் கூடத்திற்குள் கொண்டுவர முடிகிறதா, அத்தமிழைத் திருத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாத திறனாய்வு, மேடையில் எரியும் விளக்கை மட்டும் விவரித்து முடிந்துவிடும்.